விடுதியா, செயலிப் பூட்டா, வீட்டு ஒழுங்கா? சேலத்துப் பெற்றோர் முன்னுள்ள மூன்று வழிகள்

பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியும் கையுமாக இருப்பது தெரியவந்ததும், சேலத்துக் குடும்பங்களில் பேச்சு பெரும்பாலும் மூன்று வழிகளைச் சுற்றியே வருகிறது. நாமக்கல், ராசிபுரம் பக்கமோ ஏற்காட்டிலோ உள்ள விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாம் என்பார்கள். கைப்பேசியில் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியைப் போட்டு நேரத்தைப் பூட்டிவிடலாம் என்பார்கள். வீட்டில் எல்லோருக்கும் பொதுவான ஓர் ஒழுங்கை வகுத்துப் பெற்றோரும் அதற்குக் கட்டுப்படலாம் என்று சிலர் சொல்வார்கள். செலவு, அலைச்சல், பலன் எனப் பல வகையில் இவற்றை எடைபோடலாம். நான் முதன்மையாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: எந்த வழியில் போனால், இணையத்தில் தனக்கு நேர்வதைப் பிள்ளை தானாக வந்து வீட்டில் சொல்லும்?

மிகைப் பயன்பாடு எல்லாமே நோய் அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2019-இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இடம்பெற்றிருப்பது கணினி விளையாட்டுக் கோளாறுதான். பொதுவான இணையப் பழக்கம் அதில் தனி நோயாக இல்லை. அந்தக் கோளாறுக்கும்கூடப் படிப்பு, உறவு, உறக்கம் முதலியவை கெடும் அளவுக்குக் கட்டுப்பாடு இழந்த நிலை பொதுவாக 12 மாதங்கள் நீடித்திருக்க வேண்டும். ஆகவே மணிக்கணக்கை மட்டும் வைத்துப் பிள்ளையை அடிமை என்று சொல்லிவிடக் கூடாது. வீட்டில் சண்டையும் பாராமுகமும் இருக்கும் பிள்ளைகளிடம் மிகைப் பயன்பாடு கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. ஆனால் சண்டையால் பிள்ளை கைப்பேசிக்குள் போனதா, கைப்பேசியால் சண்டை வந்ததா என்றால், பல வீடுகளில் இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

விடுதியின் பலன் உடனே கண்ணுக்குத் தெரியும். கைப்பேசி கைக்கு எட்டாது, உறக்கம் ஒழுங்குபடும், மாலையில் மைதானமும், வாய்விட்டுப் பேசத் தோழர்களும் கிடைப்பார்கள். பெற்றோர் இருவரும் இரவுப் பணி பார்க்கும், பெரியவர் துணையில்லாத வீட்டுக்கு இது நியாயமான முடிவாகவே இருக்கலாம். (மலைக் கிராமத்துப் பிள்ளைகள் பள்ளி தொலைவு என்பதால் விடுதியில் தங்குவது வேறு, அதை இதோடு சேர்க்கவில்லை.) சிக்கல் விடுமுறையில்தான் வெளிப்படுகிறது. இத்தனை நாள் பிரித்து வைத்துவிட்டோமே என்ற மனவருத்தத்தில் தகப்பனே கைப்பேசியை எடுத்துக் கொடுக்க, அரையாண்டு விடுமுறை முழுவதும் பிள்ளை விட்டதைப் பிடிக்கிறது. தானே அளவறிந்து நிறுத்தும் பழக்கத்தை விடுதி கற்றுத் தரவில்லை. பிள்ளையைக் கைப்பேசிக்குள் ஒதுங்க வைத்த வீட்டுப் பிணக்கும் அப்படியே இருக்கிறது. கைப்பேசிக்காகவே அனுப்பப்பட்ட பிள்ளை, அனுப்பியதைத் தண்டனையாகவே எண்ணிக்கொள்வதும் உண்டு. அதன்பின் மனம் திறந்து பேசுவது அரிது.

செயலிப் பூட்டு மலிவானது, விரைவானது. பத்து, பதினொரு வயதில், முதன்முதலாகக் கைப்பேசி தரும்போதே தெரியப்படுத்திப் போட்டால் நன்றாகவே உதவும். பதினைந்து வயதில், பிள்ளைக்குத் தெரியாமல் போட்டால் அது வேவு பார்ப்பதாகிவிடுகிறது. தென்கொரியா 2011-இல் ஒரு நாட்டளவில் இந்தப் பூட்டைப் போட்டுப் பார்த்தது: 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டுகளில் நுழையக் கூடாது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொடுத்து நுழைந்தார்கள். கைப்பேசி விளையாட்டுகள் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நின்றன. பத்தாண்டுகளுக்குப் பிறகு அச்சட்டம் கைவிடப்பட்டது. ஸ்வீடனில் 14 வயதினரிடம் ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமான ஒன்றைக் காட்டியது. அது கைப்பேசி பற்றியது அல்ல. ஆயினும் பெற்றோருக்குப் பிள்ளையைப் பற்றித் தெரிந்திருப்பதில் பெரும்பகுதி கண்காணிப்பால் வந்ததன்று, பிள்ளை தானாகச் சொன்னதால் வந்தது என்ற அதன் முடிவு இங்கும் பொருந்துவதாகவே நான் கருதுகிறேன்.

மூன்றாவது வழிதான் கடினமானது. என் சார்பும் அதன் பக்கமே. சேலத்தில் இதற்கு இயல்பான ஒரு வசதி உண்டு: அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் வீடுகளிலும், செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு வேலை செய்யும் வீடுகளிலும் பெற்றோர் நாள் முழுவதும் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் உடனிருப்பது மட்டும் போதாது. எனக்குத் தெரிந்த ஒரு தறி வீட்டில், அப்பா குழித்தறியில் நெய்துகொண்டே பக்கத்தில் சாய்த்து வைத்த கைப்பேசியில் பழைய படம் ஓடவிடுவார். அம்மா தாரில் நூல் சுற்றியபடி தொடர் பார்ப்பார். மகன் மாடிப்படியில் உட்கார்ந்து விளையாடுவான். மூவரும் பத்தடிக்குள் இருந்தும் பேச்சு என்பது ‘சாப்பிட வா’ என்ற அளவில் நின்றது. அவர்கள் செய்த மாற்றம் சிறியது: இரவுச் சாப்பாடு தொடங்கியதும் மூன்று கைப்பேசிகளும் முன்கூடத்து அலமாரியில் சார்ஜில் போடப்பட்டு, விடிந்த பிறகே எடுக்கப்படும். அதை முதலில் மீறியவர் அப்பா. மகன் அதைச் சுட்டிக்காட்ட, அவர் கோபப்படாமல் எழுந்துபோய் வைத்துவிட்டார். பையன் அந்த ஒழுங்கைத் தனதாக ஏற்றது அன்றுதான் என்கிறார் அவன் அம்மா.

குறைகளும் இதில் உண்டு. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குழுவில் வருவதால் மாலையில் கைப்பேசியை முழுவதுமாக ஒதுக்க முடியாது. அம்மா பிடிக்கும் நேரத்தில் தாத்தா இளகிவிட்டால் ஒழுங்கு குலையும். பலன் தெரியவும் நாளாகும். கண்டிப்பும் கனிவும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1960-களிலிருந்தே வலியுறுத்தியது இங்கே நேரடியாகப் பொருந்துகிறது: நேரம் எதுவெனப் பேசி முடிவு செய்யலாம், முடிவான பின் அழுகைக்காகத் தளர்த்தலாகாது. செயலியையும் இதற்குள் கொண்டுவரலாம், பிள்ளைக்குத் தெரிந்தே.

பிள்ளை பள்ளிக்கே போக மறுத்தாலோ, இரவு பகல் மாறிப்போனாலோ, வீட்டுப் பணத்தை விளையாட்டில் கட்டினாலோ, கைப்பேசியைப் பிடுங்கினால் தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, மூன்று வழிகளையும் ஒப்பிட்டுக் காலம் கடத்த வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லலாம்; நேரில் போகத் தயங்குவோர் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். முதல் சந்திப்புக்குத் தாயும் தகப்பனும் சேர்ந்தே போவது நல்லது. வீட்டில் யார் எப்போது கைப்பேசி பார்க்கிறார்கள் என்பது மருத்துவருக்கும் தெரிய வேண்டிய செய்திதான்.