மெரினோ என்று விற்ற நூல், ஊசியை எடுத்ததும் சுருண்டது

லேஸ் சால்வை பின்னுவதற்கு இணையத்தில் நூல் வாங்குகிறவர்கள், அதிலும் குறிப்பாகப் பாதி வேலையில் நூல் போதாமல் இரண்டாம் முறை ஆர்டர் போடுகிறவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். நூறு சதவீதம் மெரினோ, அதாவது மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி, என்று லேபிள் ஒட்டி எனக்குச் செயற்கை நூலை விற்றுவிட்டார்கள். முதல் பார்சலில் வந்தது அசல் கம்பளிதான். இரண்டாவது பார்சலில் வந்தது அது இல்லை. ஆனால் அதே லேபிள், அதே நிறம், ஒரே தொகுதியில் சாயமேற்றியது என்று காட்டும் அதே சாய எண். கையில் எடுத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

நான் பின்னியது கழுத்தில் தொடங்கி விளிம்பு நோக்கி விரியும் முக்கோணச் சால்வை. வரிக்கு வரி கண்ணிகள் கூடிக்கொண்டே போவதால் கடைசிப் பகுதிதான் நூலை விழுங்கும். முதல் பார்சல் நூலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, ஊறவைத்து, ஊசி குத்திக் காயவைத்துப் பார்த்த பிறகே சால்வையைத் தொடங்கினேன். துண்டு அழகாக விரிந்து நின்றது. அந்த நம்பிக்கையில்தான் சால்வையை இன்னும் பெரிதாக்கலாம் என்று அதே நூலை மறுபடி வாங்கினேன்.

லேஸ் பின்னாதவர்களுக்காக ஒரு விஷயம். பின்னல் ஊசியிலிருந்து இறக்கிய லேஸ் பார்க்கச் சகிக்காது. துளைகள் எல்லாம் மூடிக்கொண்டு மொத்தமும் கசங்கிக் கிடக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, இழுத்து விரித்து, சுற்றிலும் துருப்பிடிக்காத ஊசிகளைக் குத்தி, முழுக்கக் காயும் வரை விடுவதுதான் பிளாக்கிங். கம்பளி நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. நனையும்போது அதற்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும். காயும்போது நாம் வைத்திருக்கும் வடிவத்திலேயே மறுபடி சேரும். அதனால்தான் ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளில் லேஸ் சால்வைகளைத் துவைத்து மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டிக் காயவைத்தார்கள். அக்ரிலிக் என்ற செயற்கை இழை தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. எத்தனை ஊசி குத்தினாலும் ஈரத்துக்கு அது மசியாது.

ஊறவைத்தபோதே ஏதோ சரியில்லை என்று பட்டது. கழுத்துப் பக்கம் கனமாக நனைந்து, ஈரக் கம்பளிக்கே உரிய அந்த வாடை வந்தது. விளிம்புப் பக்கம் எந்த வாடையும் இல்லை. காயவைத்தபோதும் விளிம்புதான் சீக்கிரம் காய்ந்தது. முழுக்கக் காய்ந்த பிறகு ஊசிகளை எடுக்க ஆரம்பித்தேன். மேல் பகுதியில் இலை வடிவங்கள் நரம்போடு தெளிவாக, அசையாமல் நின்றன. விளிம்பில் முதல் முனையின் ஊசியை உருவியதும், இழுத்துக் கூராக்கி வைத்திருந்த அந்த முனை என் கண் முன்னாலேயே உள்ளே வாங்கி மழுங்கிப்போனது. அடுத்ததும் அப்படியே. எல்லா ஊசியையும் எடுத்து முடித்தபோது, நூல் மாற்றிய வரியில் கோடு கிழித்த மாதிரி இருந்தது. அதற்கு மேலே லேஸ், கீழே சுருண்டு கிடக்கும் துணி.

விற்றவரிடம் படங்களோடு கேட்டேன். "மேடம், நீங்க சரியா ஊறவைக்கல" என்று முதல் பதில். ஒரே சால்வை, ஒரே தண்ணீர், ஒரே ஊசிகள். மேல் பாதிக்கு ஊறியது கீழ்ப் பாதிக்கு மட்டும் எப்படி ஊறாமல் போகும்? இதைக் கேட்டதும் பதில் மாறியது. "ஸ்டீம் அயர்ன் வைங்க மேடம், நின்னுடும்" என்றார்.

இந்த அறிவுரைதான் எனக்கு மிகவும் கோபமூட்டியது. செயற்கை நூல் சூட்டில் வடிவம் மாறும் என்பது உண்மை. ஆனால் நீராவி கொஞ்சம் கூடிவிட்டால் இழை துவண்டு, பளபளத்து, மீளும் தன்மையே போய்விடும். திரும்பச் சரிசெய்ய வழியே இல்லை. மீந்த நூலில் ஒரு சின்னத் துண்டு பின்னி, அதில் மட்டும் நீராவி காட்டிப் பார்த்தேன். ஈரத் துணி மாதிரித் தொங்கியது. சால்வைக்கே அதைச் செய்திருந்தால் பிரித்துப் பின்ன நூல்கூட மிஞ்சியிருக்காது. மெரினோ என்று விற்றவரே செயற்கை நூலுக்கான வைத்தியம் சொல்கிறார் என்றால் என்ன அர்த்தம்?

அப்புறம் இரண்டு நூலையும் எரித்துப் பார்த்தேன். உலோகத் தட்டு, பக்கத்தில் தண்ணீர், இடுக்கியில் சிறு நுனி. முதல் பார்சல் நூல் மெதுவாகக் கருகி, முடி பொசுங்கும் வாடை அடித்து, தீயை விலக்கியதும் அணைந்தது. சாம்பல் விரலில் பொடியானது. இரண்டாவது நூல் தீயைக் கண்டதும் சுருங்கி, உருகி, விலக்கிய பிறகும் எரிந்தது. கடைசியில் நசுக்க முடியாத கறுப்பு மணியாக இறுகியது. இன்னும் உறுதிக்காக இரண்டு நூலையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு, குளோரின் பிளீச் ஊற்றி, ஜன்னலைத் திறந்து வைத்து, இரவு முழுக்க விட்டேன். கம்பளி கரைந்தே போனது. மற்றது கொஞ்சம் வெளுத்து அப்படியே கிடந்தது. சாயம் நிற்க வினிகர் பயன்படுத்துகிறவர்கள் ஜாக்கிரதை. பிளீச்சும் வினிகரும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். இரண்டையும் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிளாக்கிங் நிற்கவில்லை என்பதற்காக எல்லா விற்பனையாளரையும் சந்தேகப்பட வேண்டாம். மெஷினில் துவைக்க ஏற்றதாகப் பதப்படுத்திய சூப்பர்வாஷ் மெரினோ நனைந்தால் அதிகமாக நீளும், வடிவத்தையும் அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது. பருத்தியும் அப்படித்தான். பட்டு எரிந்தாலும் முடி வாடைதான் வரும். கலப்பு நூல் என்றால் எரிப்புச் சோதனை குழப்பும், பிளீச்சில் எது மிஞ்சுகிறது என்று பார்ப்பது மேல். என் விஷயத்தில் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. இரண்டு நூல்கண்டுக்கும் லேபிள் ஒன்று, உள்ளே இருந்தது வேறு வேறு.

சோதனைப் படங்களை அனுப்பிய பிறகு, "பிரித்த நூலைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்று ஒரு வரி வந்தது. அதோடு சரி. பணம் செலுத்திய தளத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டு லேபிளும் மீந்த நூலும் பத்திரமாக இருக்கின்றன. லேபிளைத் தூக்கிப் போட்டிருந்தால் புகாருக்கே வழி இருந்திருக்காது.

நல்லவேளை, மேலிருந்து பின்னிய சால்வை என்பதால் விளிம்பிலிருந்து நூல் மாற்றிய வரி வரை பிரித்துவிடலாம். மேல் பகுதி தப்பிக்கும். இந்த முறை வேறு இடத்தில் வாங்கிய நூலில், ஒவ்வொரு கண்டிலிருந்தும் ஒரு நுனியை எரித்துப் பார்த்த பிறகே அந்த வரியில் சேர்க்கப் போகிறேன்.