ஃபுல் டவர் காட்டியும் ஏன் சுற்றுகிறது? நெட்மான்ஸ்டர் ஆப்போடு என் அனுபவம்

ஆண்ட்ராய்டு போனில் நெட்மான்ஸ்டர் என்ற இலவச ஆப்பைச் சில வருடங்களாக வைத்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சிக்னலைக் கூட்டித் தரும் ஆப் இல்லை. கூட்டித் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஆப்கள் எவையும் அதைச் செய்வதில்லை, அது வேறு கதை. போன் இப்போது எந்த செல்லில் உட்கார்ந்திருக்கிறது, எந்த பேண்ட் (அலைவரிசைத் தொகுதி), சிக்னல் எவ்வளவு, பக்கத்தில் வேறு எவை கேட்கின்றன என்பதை மட்டும் காட்டும். டவரும் செல்லும் ஒன்றல்ல. ஒரு திசையில் ஒரு பேண்டில் டவர் தரும் சேவைதான் ஒரு செல். ஒரு டவரில் மூன்று திசைக்கு ஆன்டெனா இருந்து, ஒவ்வொரு திசையிலும் மூன்று பேண்ட் ஓடினால் அதுவே ஒன்பது செல்.

பார்க்க வேண்டிய எண் ஆர்.எஸ்.ஆர்.பி., அதாவது போனுக்கு வந்து சேரும் சிக்னலின் பலம். மைனஸில்தான் வரும். -80 என்றால் ஜோர், -100 என்றால் ஓடும், -115க்குக் கீழே போனால் இழுத்துக்கோ பறிச்சுக்கோதான்.

எங்கள் வீட்டு ஹாலில் 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 40, -90 வாக்கில் வரும். பின்னறைக்குப் போனால் அதே செல் -113க்கு இறங்கிவிடும். அதே நேரத்தில் ஆப்பில் கீழே 850 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 5, -96ல் நிற்கிறது. சுவரைத் தாண்டி வருவதில் 850க்கு ஈடில்லை. கண்முன்னே நல்ல சிக்னல் இருக்கும்போது இந்த போன் ஏன் பலவீனமானதையே கட்டிக்கொண்டு அழுகிறது என்று எனக்கு ரொம்ப நாள் எரிச்சல்.

காரணம் போனில் இல்லை. நாம் பேசாமல், டேட்டா ஓடாமல் போன் சும்மா இருக்கும்போது செல்லை மாற்றிக்கொள்வது போன்தான். ஆனால் எந்த விதிப்படி மாற்றுவது என்பதை செல்லே ஒலிபரப்புகிறது. ஒவ்வொரு அலைவரிசைக்கும் 0 முதல் 7 வரை ஒரு முன்னுரிமை எண் உண்டு. அகலமான அலைவரிசையில் நிறைய பேரை ஏற்றலாம் என்பதால், பொதுவாக 2300 போன்றவற்றுக்கு மேல் எண்ணும் 850க்குக் கீழ் எண்ணும் கொடுப்பார்கள். மேல் எண் உள்ளது குறிப்பிட்ட வரம்புக்கு மேலே இருக்கும்வரை, கீழ் எண் உள்ளது எத்தனை பலமாக இருந்தாலும் போன் அந்தப் பக்கம் போகாது. வரம்புக்குக் கீழே விழுந்தால்தான் இறங்கும். முன்னுரிமை சமமாக இருந்தால் மட்டுமே எது பலம் என்ற ஒப்பீடு. அதிலும் இருக்கிற செல்லுக்குச் சில டெசிபல் சலுகை உண்டு. இல்லாவிட்டால் இரண்டு செல்லுக்கும் நடுவே போன் பந்தாடிக்கொண்டே இருக்கும்.

திரும்பி வரும் கதையையும் ஆப்பில் பார்க்கலாம். பின்னறையில் சிக்னல் வரம்புக்குக் கீழே விழுந்து பேண்ட் 5க்கு இறங்கிய போனோடு ஹாலுக்கு வந்தால் உடனே 40க்குத் தாவாது. இருக்கிற சிக்னல் நன்றாக இருந்தால், மேல் முன்னுரிமை அலைவரிசையை நிமிடத்துக்கு ஒரு தடவை தேடினால் போதும் என்பது எல்டிஇ, அதாவது 4ஜி விதி. அப்படி ஒன்றுக்கு மேல் இருந்தால் இடைவெளியும் அதற்கேற்ப நீளும். பேட்டரியை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. டவருக்குப் பக்கத்தில் போனால் அக்கம்பக்க செல் பட்டியல் காலியாகிவிடுவதும் பல நேரம் இதே காரணத்தால்தான். ஆப் பழுதாகிவிட்டது என்று நினைத்து அன்இன்ஸ்டால் செய்துவிட வேண்டாம்.

அம்மா கேட்கும் கேள்வி வேறு. “ஃபுல் டவர் காட்டுதேடா, அப்புறம் ஏன் சுத்திக்கிட்டே இருக்கு?” சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் எங்கள் தெருவில் இதுதான் நிலைமை. எண்ணைப் பார்த்தால் -84. குறையே சொல்ல முடியாது. ஆனால் ஆர்.எஸ்.ஆர்.பி. சொல்வது பலத்தை மட்டும்தான். பேருந்தின் முன்விளக்கு பளிச்சென்று எரிவதைப் பார்த்து உள்ளே சீட் காலியாக இருக்கும் என்று நம்புகிற மாதிரி இது. அந்த செல்லில் எத்தனை பேர் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது சும்மா இருக்கும் போனுக்குத் தெரியாது. பக்கத்திலேயே காட்டும் ஆர்.எஸ்.ஆர்.க்யூ., அதாவது சிக்னலின் தரத்தைச் சொல்லும் எண், கொஞ்சம் துப்பு கொடுக்கும். காலையில் -9 காட்டுகிற இடத்தில் இரவு -15 காட்டினால் செல்லில் கூட்டம் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பேசிக்கொண்டிருக்கும்போது ஆட்டம் மாறிவிடும். தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் அழைப்பில் இருந்தபடியே ஆப்பைத் திறந்து பாருங்கள். வண்டலூர் தாண்டி கூடுவாஞ்சேரி வருவதற்குள் பிசிஐ எண் மாறிக்கொண்டே இருக்கும். 0 முதல் 503 வரை உள்ள அந்த எண்தான் போன் ஒரு செல்லை அடையாளம் காணும் வழி. இங்கே போன் அளந்து சொல்வதோடு சரி, எந்த செல்லுக்கு மாறு என்று ஆணையிடுவது நெட்வொர்க். பக்கத்து செல் இவ்வளவு டெசிபல் பலமாக, இத்தனை மில்லிசெகண்டாக இருக்கிறது என்று போன் அறிக்கை அனுப்பும். அந்த அறிக்கையோ ஆணையோ போய்ச் சேர்வதற்குள் பழைய சிக்னல் செத்துவிட்டால், “ஹலோ... ஹலோ...”

மேலே தெரியும் 5ஜி எழுத்தையும் முழுசாக நம்ப வேண்டாம். 4ஜியை நங்கூரமாக வைத்து ஓடும் என்எஸ்ஏ முறையில், சும்மா இருக்கும் போன் உட்கார்ந்திருப்பது 4ஜி செல்லில்தான். இந்தப் பகுதியில் 5ஜி கிடைக்கலாம் என்று அந்த 4ஜி செல் சொன்னாலே பல போன்கள் 5ஜி என்று போட்டுவிடும்.

ஃபிளைட் மோடு போட்டு எடுக்கும் வைத்தியம் எனக்குச் சில தடவைதான் பலித்தது. புதிதாகத் தேடும்போதும் போன் பெரும்பாலும் ஏற்கனவே தெரிந்த அலைவரிசையில்தான் ஆரம்பிக்கும், அதே செல்லில் வந்து உட்கார்ந்துவிடும். ஜன்னல் பக்கம் நாலடி தள்ளி நின்றது அதைவிடப் பலன் தந்தது. பின்னறைக்கு நான் கடைசியில் நம்பியது, வீட்டு வைஃபை வழியாகவே அழைப்பு போகும் வைஃபை காலிங்கை.

ஆப்புக்கு லொகேஷன் அனுமதி கொடுத்தே ஆக வேண்டும், ஆண்ட்ராய்டின் நிபந்தனை அது. பக்கத்து செல்களுக்குப் பெரும்பாலும் பிசிஐ மட்டும்தான் தெரியும், முழு அடையாளம் வராது. ஆப் வேண்டாம் என்பவர்கள் டயலரில் *#*#4636#*#* அடித்துப் பார்க்கலாம், பல போன்களில் திறக்கும். ஐபோன்காரர்களுக்கு *3001#12345#* அடித்தால் ஃபீல்டு டெஸ்ட் என்ற சிக்னல் விவரத் திரை வரும். அதில் வேண்டியதைத் தேடி எடுக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.