டர்பன் வீட்டில் ஊதாச் சாம்பல் சுவர்: சில கோடைகள் கழித்து

வெளிறிய ஊதாச் சாம்பல் அடிக்கலாமா என்று யாராவது கேட்டால், "எந்தத் திசை பார்த்த அறை?" என்றுதான் முதலில் கேட்பேன். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடம், படுக்கையறை, பின்பக்கச் சின்ன அறை மூன்றுக்கும் ஒரே கலவை, ஒரே பெயிண்டர். ஆனாலும் இன்றுவரை வீட்டுக்கு வருபவர்கள் பின்னறையை எட்டிப் பார்த்துவிட்டு, "இது வேற ஷேடா?" என்கிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் பெயிண்ட் அறிவுரையில் பாதி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உட்கார்ந்து எழுதியது. வடக்கு அறையில் இந்த நிறம் சோகமாக இருக்கும், தெற்கு அறையில் அழகாக இருக்கும் என்பார்கள். இங்கே அதை அப்படியே தலைகீழாகப் படிக்க வேண்டும். டர்பன் இருப்பது தெற்கு அட்சரேகை 30 டிகிரியை ஒட்டி. ஜூன் மாத நண்பகலில் சூரியன் வடக்கு வானில் சுமார் 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். வடக்கு ஜன்னல் வழியே வெயில் அறைக்குள் வெகுதூரம் வரும், தெற்குச் சுவர் அதைப் பார்க்கவே பார்க்காது. நம் ஊரில் மார்கழி வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வந்து பழகிய கண்ணுக்கு இது பிடிபடச் சில காலம் ஆகிறது.

எங்கள் கூடம் வடக்குப் பார்த்தது. குளிர்கால மதியத்தில் அங்கே ஊதா பின்வாங்கி, இதமான சாம்பல் மட்டும் நிற்கும். தெற்குப் பார்த்த பின்னறைக்கு நேர்வெயில் அநேகமாகக் கிடையாது; வானத்தின் நீல வெளிச்சம் மட்டுமே. அங்கே நாள் முழுக்கச் சுவர் ஊதாதான், சாம்பலைத் தேட வேண்டும். படுக்கையறைதான் நான் எதிர்பார்க்காதது. ஜன்னலுக்கு வெளியே மாமரம். இலைகளில் பட்டுத் தெறிக்கும் பச்சை வெளிச்சம் சுவரின் ஊதாவைத் தின்றுவிடுகிறது. மூன்றில் அமைதியான அறை அதுதான். மரத்தைக் கவாத்து செய்த வருடம் ஊதா எட்டிப் பார்த்தது, துளிர் விட்டதும் போய்விட்டது.

அதனால் கடையில் தரும் விரல் நீள அட்டையை நம்பாதீர்கள். ஒரு பெரிய அட்டையில் சாம்பிள் பெயிண்ட்டை இரண்டு கோட் அடித்து, சுவருக்குச் சுவர் மாற்றி வைத்து, காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று பாருங்கள். நன்றாகக் காயவும் விடுங்கள். எமல்ஷன் ஈரத்தில் வெளுப்பாகத் தெரியும், காய்ந்தால் ஒரு படி அடர்த்தி கூடும்.

இரவில் பல்பு வைத்ததுதான் சட்டம். பல்புப் பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் போட்டிருப்பார்கள். 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் ஊதா ஏறக்குறைய மறைந்து, சுவர் லேசாகக் காவியேறிய சாம்பலாகிவிடும். 4000இல் நிறம் நிறமாக இருக்கும். 6500 கெல்வின் வெள்ளை பல்பு போட்டால் கிளினிக்கில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும், வேண்டாம். 2023இல் லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது இதை விரும்பாமலே பரிசோதித்தோம்: சார்ஜ் விளக்கு எரியும் அறை நீலம் பாய்ந்து கிடக்கும், மெழுகுவத்தி ஏற்றிய அறையில் அதே சுவர் பழுப்பு. பல்பு வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவு பல்பில் இந்த மாதிரிக் கலப்பு நிறங்கள்தான் முதலில் செத்துப்போகும்.

ஊரிலிருந்து வந்திருந்த அத்தை கூடத்தைப் பார்த்துவிட்டு, "சுவத்துக்குத் திருநீறு பூசினாப்புல இருக்கே" என்றார். பாராட்டா, குத்தலா என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அவர் கொண்டுவந்த பித்தளைக் குத்துவிளக்கை அந்தச் சுவர் முன்னால் வைத்ததும் அவரே இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். நிற வட்டத்தில் ஊதாவுக்கு எதிரே இருப்பது மஞ்சள். அதனால் பித்தளை, சாமந்தி, மஞ்சள் கரை போட்ட துணி எல்லாம் இந்தச் சுவரில் எடுப்பாக நிற்கும். தைப்பூசத்தன்று காவடி புறப்படும் முன் கூடத்தில் எடுத்த படங்கள் எந்த வடிகட்டியும் போடாமலே அழகாக வந்திருக்கின்றன. தேக்கு நிற மரச்சாமான் பொருந்தும். சாம்பல் சோபாவும் சாம்பல் திரையும் சேர்த்தால் வீடு தூங்கிவிடும். கூரைக்குப் பளீர் வெள்ளை அடித்தால் சுவர் அழுக்காகத் தெரியும். கடையில் அதே நிறத்தைக் கால்வாசி அடர்த்தியில் கலந்து கேளுங்கள், கலந்து கொடுப்பார்கள்.

பராமரிப்பு பற்றிச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. டர்பனின் ஜனவரி, பிப்ரவரிப் புழுக்கத்தில் வெயில் படாத தெற்குச் சுவரில் பூஞ்சை வரத்தான் செய்யும். வெள்ளைச் சுவரில் தெரிவதைவிட இதில் கரும்புள்ளி அசிங்கமாகத் தெரிகிறது. நீர்த்த ப்ளீச்சில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டதில் பெருமளவு குறைந்தது. பூஜை மாடத்துக்குப் பின்னால் விளக்குப் புகை படிகிற இடத்தில் மட்டும் ஒரு டைல் ஒட்டிக்கொள்ளுங்கள். முழு மேட் வாங்காமல் லேசான மினுமினுப்புள்ளதை வாங்கினோம், குழந்தைகளின் கைத்தடம் ஈரத்துணிக்குப் போகிறது. ஆணி ஓட்டையை அடைத்து அந்த இடத்தில் மட்டும் தொட்டுப் பூசினால் திட்டு தெரியும். மூலையிலிருந்து மூலைவரை ஒரு சுவர் முழுக்க அடித்தால்தான் சமாளிக்கலாம். டின்னில் ஒட்டியிருக்கும் கலவைச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் 1960களில் கட்டியவை. தென்னாப்பிரிக்காவில் பெயிண்ட்டில் ஈயத்துக்குச் சட்டப்படி வரம்பு வந்ததே 2009இல்தான். பழைய பூச்சைக் காய்ந்தபடியே தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

சமையலறைக்கு இந்த நிறம் வேண்டாம். எண்ணெய்ப் புகையின் மஞ்சள் படிந்தால் ஊதாச் சாம்பல் வெறும் அழுக்காகிவிடும்.

பின்னறையை மட்டும் அடுத்த குளிர்காலத்தில், காற்று காய்ந்திருக்கும்போது, மஞ்சள் சாய்ந்த வெள்ளைக்கு மாற்றலாம் என்றிருக்கிறேன். மகள் விடமாட்டேன் என்கிறாள், அவளுக்கு அந்த ஊதாதான் பிடித்திருக்கிறது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரை அவளுக்கு விட்டுக்கொடுப்பதாகப் பேச்சு நடக்கிறது.