ஆறு நாளில் நாலு கிலோ: பிள்ளைகளைக் குத்துச்சண்டைக்கு அனுப்பும் பெற்றோர் கவனத்துக்கு

என் மகனுக்கு 15 வயது, எடை 54 கிலோ. மாவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அவன் பழகிய தனியார் பயிற்சிக்கூடத்து மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். "50 கிலோ பிரிவுல இறக்கினா மெடல் நிச்சயம்ண்ணே. ஆறே நாள், நான் பாத்துக்கிறேன்" என்றார். டயட், மருந்து என்று 6,000 ரூபாய் வாங்கினார். என்ன மருந்து என்று நான் கேட்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

நாலாம் நாள் ராத்திரி பதினொரு மணிக்குப் பையன் வாசல்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டிலில் எச்சில் துப்பிக்கொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. "தண்ணி குடிடா" என்றால், "காலையில வெயிட் பார்ப்பாங்கப்பா" என்கிறான். மத்தியான வெயிலில் மழைக்கோட்டு மாட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். ஆறாம் நாள் விடியற்காலை இரண்டு கெண்டைக்காலும் இழுத்துக்கொண்டு அலறினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் பையைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளே பெயரை வெட்டியெடுத்த மாத்திரை அட்டை. மிச்சமிருந்த நாலு எழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்: ஃபுரோசமைடு, உடம்பில் இருக்கிற நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை. பொட்டாசியம் இறங்கிப்போயிருந்தது. இன்னும் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும் என்றார். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. குறைந்ததில் பெரும்பகுதி கொழுப்பே இல்லை, வெறும் தண்ணீர்.

அது ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ள மாத்திரையும்கூட. பரிசோதனையில் சிக்கியிருந்தால் தடை விழுவது பையன் மேல்தான். 1997-இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், இப்படி வியர்வை சிந்தி எடை இறக்கும்போதே, ஐந்து வாரத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அப்புறம்தான் அங்கே வியர்க்க வைப்பதற்காக மாட்டும் ரப்பர் சூட்டைத் தடை செய்தார்கள். அந்த நாட்டுப் பள்ளி மல்யுத்த விதிப்படி வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. என் மகனுக்கு அது சுமார் 800 கிராம்!

மாஸ்டரிடம் போய்க் கேட்டேன். "எல்லாருக்கும் கொடுக்கிறதுதான்ண்ணே, உங்க பையனுக்குத்தான் தாங்கல" என்றார். எல்லாருக்குமா? அங்கே 12 வயதுப் பிள்ளைகளும் பழகுகிறார்கள். பணம் திரும்பி வரவில்லை, அது போகட்டும்.

இப்போது வேறு இடத்தில் பழகுகிறான். வளர்கிற பையன், 54-லேயே ஆடட்டும் என்கிறார் புது மாஸ்டர். உங்கள் பிள்ளை ராத்திரியில் தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால் பையைத் திறந்து பாருங்கள். பெயர் வெட்டிய அட்டை இருந்தால் அப்படியே டாக்டரிடம் எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.