டெக்சஸில் வீடு வாங்கும்போது எச்ஓஏ ஆவணம்: நான்கு கட்டங்களில் எதில் டிக் அடிப்பது?

டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று எங்கே போய் வீடு வாங்கினாலும், அது எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) உள்ள குடியிருப்பாக இருந்தால் ஒப்பந்தத்தோடு ஓர் இணைப்புத் தாளும் வரும். டெக்சஸ் ரியல் எஸ்டேட் கமிஷனின் 36-ஆம் எண் படிவம். சங்கத்தின் விதிமுறைகளும் ரீசேல் சர்டிஃபிகேட்டும் (சங்கத்தின் நிதிநிலையையும் அந்த வீட்டின் பாக்கிகளையும் சொல்லும் சான்றிதழ்) வாங்குபவர் கைக்கு எந்த வழியில் வரவேண்டும் என்பதற்கு அதில் நான்கு கட்டங்கள் இருக்கும். பெரும்பாலும் ரியல்டரே (வீட்டுத் தரகர்) ஒன்றில் டிக் அடித்து அனுப்பிவிடுவார். நாமும் போனிலேயே விரலால் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

சர்டிஃபிகேட்டுக்கான காசை யார் கொடுப்பது என்பதுதான் வித்தியாசம் என்று பலர் நினைக்கிறார்கள். 2021-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சங்கம் இதற்கு 375 டாலருக்கு மேல் வாங்க முடியாது. வீட்டு விலைக்கு முன்னால் அது ஒரு காசே இல்லை. ஆவணம் தாமதமானால் யார் தலையில் விடியும் என்பதில்தான் இந்தக் கட்டங்கள் பிரிகின்றன.

முதல் கட்டத்தில், குறித்த நாளுக்குள் விற்பவர் தன் செலவில் ஆவணத்தை வாங்கித் தரவேண்டும். கையில் கிடைத்த பிறகு, க்ளோசிங்குக்கு (வீடு உங்கள் பெயருக்கு மாறும் நாள்) முன்பாக, உங்களுக்கு மூன்று நாள் அவகாசம். பிடிக்கவில்லை என்றால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம், எர்னஸ்ட் மணி, அதாவது நீங்கள் கட்டிய முன்பணம், திரும்பி வரும். ஆவணமே வரவில்லையா? க்ளோசிங் வரை எந்த நாளிலும் விலகலாம். இது ஆப்ஷன் பீரியடிலிருந்து (காரணம் சொல்லாமலே விலகலாம் என்று ஒப்பந்தத்தில் தரும் சில நாள்) தனியான உரிமை. ஏழு நாள் ஆப்ஷன் முடிந்து, இரண்டு வாரம் கழித்து ஆவணம் வந்தாலும் இந்த மூன்று நாள் உங்களுக்கு உண்டு. அது காலண்டர் நாள் கணக்கு என்பதை மட்டும் மறக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை மாலை வந்த பிடிஎஃப்பைத் திங்கட்கிழமை திறந்து பார்க்கலாம் என்று விட்டால் அவகாசத்தின் கடைசி நாள்தான் மிச்சமிருக்கும்.

இரண்டாம் கட்டத்தில் வாங்குபவரே பணம் கட்டி வரவழைக்கிறார். நாமே நேரடியாகக் கேட்டால் வேகமாக வரும் என்று சொல்லி இந்தக் கட்டத்தைப் பரிந்துரைப்பார்கள். அங்கே நிரப்பும் நாள் கணக்கில்தான் சிக்கல் இருக்கிறது. கோரிக்கை வந்ததிலிருந்து ஆவணம் தர சங்கத்துக்குச் சட்டம் கொடுத்திருப்பது பத்து வேலை நாள், அதாவது ஏறக்குறைய இரண்டு வாரம். நீங்கள் ஏழு நாள் என்று எழுதிவிட்டு, உங்கள் தவறில்லாமலே ஆவணம் வராமல் போனால், அந்த ஏழு நாள் முடிந்து மூன்று நாளுக்குள் விலகுவதா இருப்பதா என்று முடிவு செய்தாகவேண்டும். ஆவணத்தைக் கண்ணாலேயே பார்க்காமல்! முதல் கட்டத்தில் க்ளோசிங் வரை திறந்திருந்த கதவு இங்கே பத்தாம் நாளே சாத்தப்படுகிறது. இதைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்பவர்கள் குறைந்தது 15 நாள் என்றாவது எழுதுங்கள்.

மூன்றாவது, ஆவணத்தை ஏற்கெனவே வாங்கிப் படித்து ஒப்புக்கொண்டேன் என்பது. உண்மையிலேயே படித்திருந்தால் நான்கில் இதுதான் சுத்தமானது. விற்பவருக்கும் உங்கள் ஆஃபர் பிடிக்கும். புதுப்பித்த சர்டிஃபிகேட் வேண்டும் என்பதையும் சேர்த்து டிக் அடியுங்கள், 75 டாலருக்கு மேல் ஆகாது. நான்காவது, ஆவணமே வேண்டாம் என்பது. போட்டி ஆஃபர்கள் குவியும்போது ரியல்டர்கள் இதைச் சொல்லிப் பார்ப்பார்கள். எந்தச் சூழலிலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

என் தேர்வு முதல் கட்டம்தான். ஆனால் எதில் டிக் அடித்தாலும், வந்ததைப் படிக்கத் தெரியவேண்டும். சர்டிஃபிகேட்டில் சிறப்புக் கட்டணம் (வழக்கமான சந்தா தவிர ஒவ்வொரு வீட்டிடமும் கூடுதலாக வாங்கும் தொகை) என்ற வரிக்கு எதிரே 'இல்லை' என்று இருந்தால் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த வரி கேட்பது ஏற்கெனவே அங்கீகரித்த கட்டணத்தை மட்டும். அடுத்த மாதக் கூட்டத்தில் நீச்சல் குளத்துக்கோ மதில் சுவருக்கோ தலா இவ்வளவு என்று தீர்மானம் போட இருந்தாலும் அது அங்கே வராது. ஆகவே ரிசர்வ் தொகையையும் (பெரிய பராமரிப்பு வேலைகளுக்காகச் சங்கம் சேர்த்துவைக்கும் பணம்) பேலன்ஸ் ஷீட்டையும் நிலுவையிலுள்ள வழக்குகளையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். போர்டு (சங்க நிர்வாகக் குழு) கூட்டக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமை உறுப்பினரான விற்பவருக்கு உண்டு. அவர் மூலம் கேளுங்கள். விதிமீறல் வரியும் அப்படித்தான், போர்டுக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். அனுமதி வாங்காமல் போட்ட பெர்கோலாவை (தோட்டத்துத் திறந்த பந்தல்)ப் பின்னொரு நாள் அவர்கள் பார்த்தால், நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும்.

வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் விதிமுறைகளில் முதலில் அந்தப் பகுதியைத் தேடுங்கள். வாசலில் மாவிலைத் தோரணம் கட்ட விடுவார்களா என்ற கேள்விக்கு இவ்வளவு பக்கங்களைப் புரட்ட வேண்டியதில்லை: மத நம்பிக்கை சார்ந்த பொருட்களை வீட்டில் வைப்பதைச் சங்கங்கள் பொதுவாகத் தடுக்க முடியாது என்று டெக்சஸ் சட்டமே சொல்கிறது.

இன்னொரு வெற்றிடமும் அதே படிவத்தில் கீழே இருக்கிறது. உரிமை மாற்றத்துக்காகச் சங்கம் கேட்கும் கட்டணங்களில் வாங்குபவர் பங்கு எத்தனை டாலர் வரை என்று அங்கே எழுதவேண்டும். மிச்சம் விற்பவர் பொறுப்பு. ரியல்டர் பெரிய எண்ணைப் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். காண்டோ வாங்குபவர்களுக்கு இந்தப் படிவமே பொருந்தாது, அதற்கு ஒப்பந்தமும் சட்டப் பிரிவும் வேறு.