டோக்கியோவில் எந்தப் பூட்டு: நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு

ஓடும் வாகனங்களின் இருப்பிடத்தை வரைபடத்தில் உடனுக்குடன் காட்டும் சேவை ஒன்றை 2021 முதல் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ரஸ்ட் மொழியில் எழுதிப் பராமரித்து வருகிறேன். அதன் அடித்தளம் டோக்கியோ: ஒரே நேரத்தில் பல வேலைகளை நடத்தும் ரஸ்ட் கட்டமைப்பு. எந்த வாகனம் கடைசியாக எங்கே இருந்தது என்பது நினைவகத்தில் ஒரு ஹேஷ்மேப்பில், அதாவது பெயரைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் அட்டவணையில், இருக்கிறது. வாகனங்களின் செய்திகள் அதில் எழுதுகின்றன, பயனர்களின் இணைப்புகள் அதிலிருந்து படிக்கின்றன. பலர் ஒரே நேரத்தில் தொட்டுக் குழப்பாமல் காக்க அதற்கு ஒரு பூட்டு வேண்டும். அந்த ஒரு ஹேஷ்மேப்புக்காகப் பல பூட்டுகளை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

முதலில் எழுதியது ரஸ்டின் சொந்த நூலகத்தில் உள்ள மியூடெக்ஸ், அதாவது ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டுதான். பூட்டைப் பிடித்து, இருப்பிடத்தை மாற்றி, அதே பூட்டுக்குள் நின்றபடி தரவுத்தளத்திலும் எழுதிவிட்டு வெளியே வருவதாக நிரல். கம்பைலர் மறுத்தது. அந்த மியூடெக்ஸின் கார்டை (பூட்டு கையில் இருப்பதன் அடையாளம், அது அழிந்தால் பூட்டு திறக்கும்) ஒரு த்ரெட்டிலிருந்து (நிரல் ஓடும் இழையிலிருந்து) இன்னொன்றுக்கு அனுப்ப முடியாது. அவெய்ட்டில், அதாவது ஒரு பதிலுக்காகக் காத்து, நிற்கும் டாஸ்க்கையோ (தனி வேலையையோ) டோக்கியோ எந்த த்ரெட்டிலும் எடுத்துத் தொடரலாம். இரண்டும் ஒத்துப்போகாது. நிரலின் வடிவத்தை மாற்றியிருக்க வேண்டும். நான் பூட்டின் வகையை மாற்றினேன். டோக்கியோவின் மியூடெக்ஸைப் போட்டதும் பிழை மறைந்தது, வேலையும் முடிந்தது என்று நினைத்தேன். புதிதாக வருபவர்களில் பலர் இதே இடத்தில் இதே முடிவை எடுப்பதை இன்றும் பார்க்கிறேன். ரஸ்ட் நூலகத்தின் சாதாரண மியூடெக்ஸையே பயன்படுத்தலாம், பல நேரங்களில் அதுவே நல்லது என்று டோக்கியோவின் சொந்த ஆவணமே சொல்கிறது. அதை நான் மிகத் தாமதமாகப் படித்தேன்.

வாகனங்கள் பெருகியபோது வரைபடம் தாமதமாக நகரத் தொடங்கியது. சிபியு ஓய்வாக இருந்தது, நினைவகம் தாராளமாக இருந்தது. டோக்கியோவின் மியூடெக்ஸ் வந்த வரிசைப்படி பூட்டைக் கொடுக்கும். ஆகவே ஒருவர் தரவுத்தளத்தின் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் முழுவதும் மற்ற எல்லோரும் அவர் பின்னால் நின்றார்கள். ஹேஷ்மேப்பில் ஒரு மதிப்பை மாற்ற ஆகும் நேரம் ஒன்றுமே இல்லை. நான் அதோடு சேர்த்து வலைப்பின்னலின் தாமதத்தையும் பூட்டிவைத்திருந்தேன்.

தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தரவு கெட்டதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எந்த வாகனம் எந்தப் பயணத்தில் இருக்கிறது, எந்தப் பயணத்துக்கு எந்த வாகனம் என்று இரண்டு மேப்கள் ஒரே பூட்டுக்குள் இருந்தன. முதலாவதை மாற்றி, நடுவில் ஒரு அவெய்ட், பிறகு இரண்டாவது. வெளியே முழுக் கோரிக்கைக்கும் ஒரு டைம்அவுட். நேரம் கடந்ததும் டோக்கியோ அந்த ஃபியூச்சரை (இன்னும் முடியாத அந்த வேலையை) அவெய்ட்டில் நின்ற இடத்திலேயே கைவிட்டுவிடும். கார்டும் அதோடு அழிந்து பூட்டு திறந்துகொள்ளும். முதல் மேப் மாறியிருக்கும், இரண்டாவது பழையபடியே இருக்கும். பிழைச் செய்தி ஒரு வரிகூட வராது. பூட்டு சரியாக இருந்ததால் பல நாள்கள் அந்த இடத்தை நான் சந்தேகிக்கவே இல்லை. ரஸ்ட் நூலகத்தின் மியூடெக்ஸாவது, கார்டு கையில் இருக்கும்போது பேனிக் ஆனால் (பிழையால் ஓட்டம் முறிந்தால்) அடுத்து வருபவருக்கு அதைத் தெரிவிக்கும். டோக்கியோவின் மியூடெக்ஸில் அந்த அறிவிப்பு இல்லை; ஃபியூச்சர் கைவிடப்படுவது பேனிக்கும் அல்ல.

அதற்குப் பிறகு சாதாரண மியூடெக்ஸுக்கே திரும்பினேன். இம்முறை பூட்டை ஒரு ஸ்ட்ரக்டுக்குள் ஒளித்து, அதைத் தொடும் செயற்கூறுகள் எதையும் அசிங்க் ஆக (நடுவில் அவெய்ட்டில் நிற்கக்கூடியதாக) எழுதவில்லை. அசிங்க் இல்லாத செயற்கூறுக்குள் அவெய்ட் வர வழியில்லை. அவெய்ட் இல்லாத இடத்தில் ஃபியூச்சரைப் பாதியில் கைவிடவும் முடியாது. இரண்டு மேப்களும் சேர்ந்தே மாறுகின்றன. எனக்கு வேகத்தைவிட இந்த உறுதிதான் பெரிது.

இதிலும் ஒரு முறை அடிபட்டேன். பூட்டைப் பிடித்து மதிப்பைத் தேடும் வரியை மேட்ச்சின் (மதிப்பைப் பார்த்துக் கிளை பிரியும் அமைப்பின்) தலையிலேயே எழுதியிருந்தேன். அந்தத் தற்காலிக கார்டு மேட்ச் முடியும்வரை உயிரோடு இருக்கும். மதிப்பு கிடைக்காத கிளையில் மீண்டும் அதே பூட்டைக் கேட்டதும் த்ரெட் தன் பூட்டுக்குத் தானே காத்து நின்றது. டோக்கியோ வழக்கமாகச் செயலியின் கோர் எண்ணிக்கை அளவுக்குத்தான் த்ரெட்களை வைத்திருக்கும். ஒவ்வொன்றாக அந்தப் பூட்டைத் தொட்டு உறைய, சேவை முழுவதும் நின்றுவிட்டது. 2025 பிப்ரவரியில் வந்த ரஸ்ட் 1.85-இன் 2024 பதிப்பு, மேட்ச்சைப் போன்ற இஃப்-லெட்டின் எல்ஸ் கிளைக்கு மட்டும் இதைச் சரிசெய்தது. மேட்ச் அப்படியேதான் இருக்கிறது. இப்போது மதிப்பை முதலில் ஒரு லெட்டில் நகலெடுத்துக்கொண்டுதான் மேட்ச்சுக்குள் போகிறேன். ரஸ்ட் நிரலைச் சோதிக்கும் கிளிப்பியில் அவெய்ட்டைத் தாண்டிப் பூட்டை வைத்திருப்பதைப் பிடிக்கும் எச்சரிக்கையையும் பிழையாகவே வைத்திருக்கிறேன்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. டோக்கியோவின் ஆர்டபிள்யூலாக் (படிப்பவர்கள் பலரை ஒன்றாகவும் எழுதுபவரைத் தனியாகவும் விடும் பூட்டு) எங்கள் சேவைக்குப் பயன்படவில்லை, எழுதுபவர்களும் ஏராளம் என்பதால். பூட்டைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் டேஷ்மேப் வசதியானது, ஆனால் அதிலிருந்து எடுத்த குறிப்பை (ரெஃபரன்ஸை) கையில் வைத்துக்கொண்டு அதே மேப்பை மீண்டும் தொட்டால் உறையும் ஆபத்து அங்கேயும் உண்டு. வேறொரு பூட்டு நூலகமான பார்க்கிங்லாட்டைச் சில காலம் வைத்திருந்தேன். 2022 ஜூனில் வந்த ரஸ்ட் 1.62-இலிருந்து லினக்ஸில் ரஸ்ட் நூலகத்தின் மியூடெக்ஸே ஃபியூட்டெக்ஸ் (லினக்ஸ் தரும் காத்திருப்பு வசதி) அடிப்படையில் சிறியதாகவும் வேகமாகவும் ஆகிவிட்டதால் அதை நீக்கிவிட்டேன். பார்க்கிங்லாட்டை வைத்திருப்பவர்கள் கார்டை த்ரெட்களுக்கு இடையே அனுப்ப அனுமதிக்கும் அம்சம் இயங்குகிறதா என்று பாருங்கள். நீங்கள் சார்ந்திருக்கும் ஏதோ ஒரு நூலகம் அதை இயக்கினாலும் உங்கள் நிரலுக்கும் சேர்த்தே இயங்கும். கம்பைலரின் அந்த நல்ல மறுப்பு பிறகு கிடைக்காது.

டோக்கியோவின் மியூடெக்ஸ் எங்கள் நிரலில் இன்று ஒரே இடத்தில்தான் இருக்கிறது: வெளிச் சேவையின் அனுமதி டோக்கனைப் புதுப்பிக்கும் இடம். காலாவதியானதை நூறு டாஸ்க்குகள் ஒரே நேரத்தில் கண்டாலும் ஒன்று மட்டும் போய்ப் புதியதை வாங்கிவர வேண்டும், மற்றவை காத்திருக்க வேண்டும். புதிய டோக்கன் முழுதாகக் கைக்கு வந்த பிறகே பழையதன் இடத்தில் வைக்கிறோம். அதனால் நடுவில் கைவிடப்பட்டாலும் எதுவும் கெடுவதில்லை. தரவுத்தளத்தில் எழுதும் வேலை இப்போது தனி டாஸ்க் ஒன்றிடம், அளவு வரையறுத்த சேனல் வழியாகப் போகிறது. சேனல் நிறைந்தால் அனுப்புபவர் காத்திருக்கிறார், பூட்டு எதையும் பிடிக்காமல்.