பில் மென்பொருளில் கேரளக் கிளைக்குத் ‘தனி விதி’ போட்டுத் தருகிறோம் என்று வருபவர்களிடம் ஏமாறாதீர்கள்: குமுளியில் எங்களுக்கு நடந்தது

2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை. வண்டிப்பெரியாறிலிருந்து ஒரு கடைக்காரர், கேரளப் பக்கம் உள்ள எங்கள் குமுளிக் கிளைக்கு வந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கிடைத்த பணத்தில் சின்னதாக ஒரு மளிகைக் கடை போட்டவர். சட்டைப் பையிலிருந்து இரண்டு பில்களை எடுத்து, மடிப்பை விரலால் நீவி, மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று எங்கள் குமுளிக் கிளை அவருக்குப் போட்டது. இன்னொன்று தமிழ்நாட்டில் உள்ள எங்கள் கம்பம் கடை அவருடைய மச்சினனுக்குப் போட்டது. இரண்டிலும் ஒரே தலை எண்ணெய், ஒரே அளவு, சரக்கு மதிப்பு 4,000 ரூபாய். கம்பம் பில்லில் மத்திய வரி 100, மாநில வரி 100. குமுளி பில்லில் 360, 360.

“எண்ணெய்க்கு வரி குறைந்துவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். எங்களுக்கு மட்டும் குறையவில்லையா முதலாளி?” என்று கேட்டார்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அவர் சொன்னது சரி. செப்டம்பர் 22 முதல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்துவிட்டன. நெய் 12-லிருந்து 5. சலவைத் தூள் மட்டும் 18-லேயே நின்றது. எங்களுக்கு பில் மென்பொருள் விற்ற நிறுவனம் முந்தின ஞாயிற்றுக்கிழமை இரவே மாற்றிவிட்டதாகத் தகவல் அனுப்பியிருந்தது. திங்கட்கிழமை காலை கம்பத்தில் நானே பில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. குமுளியில் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. ஒரே மென்பொருள்தானே என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கையை எங்களுக்கு விற்றவர்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வக்கீல் நோட்டீஸ் நடப்பில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் கடை வைத்திருப்பவர்கள், செங்கோட்டையோ வாளையாறோ களியக்காவிளையோ, கையெழுத்துப் போடுவதற்கு முன் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

2020 தொடக்கத்தில் இந்த மென்பொருளை வாங்கினோம். அப்போது கேரளத்தில் வெள்ள செஸ் என்ற கூடுதல் வரி இருந்தது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு மறுசீரமைப்புக்காக 2019 ஆகஸ்ட் 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விதித்தது அது. கேரளத்துக்குள்ளேயே நடக்கும் விற்பனைக்கு மட்டும், ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு விற்றால் மட்டும், சரக்கு மதிப்பில் 1 சதவீதம். 5 சதவீத வரி உள்ள பொருளுக்குக் கிடையாது. அதாவது எங்கள் குமுளி பில்லில் இந்த செஸ் கூடுதலாக வர வேண்டும், கம்பம் பில்லில் வரவே கூடாது, குமுளியிலேயே பதிவு உள்ள கடைக்கும் வரக் கூடாது. பழைய மென்பொருளால் இது முடியவில்லை என்பதால்தான் புதியதைத் தேடினோம்.

வந்த விற்பனையாளர் அழகாகப் பேசினார். “உங்களுக்கு மூல விதி ஒன்று இருக்கும். எங்கெங்கே கேரளம் வேறுபடுகிறதோ அங்கே மட்டும் அதற்கு ஒரு வேரியன்ட், அதாவது தனிவகை, செய்வோம். மூலத்தை ஒரு முறை மாற்றினால் போதும், எல்லாக் கிளைக்கும் போய்விடும்.” கடைசி வாக்கியம் எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. எழுத்தில் வாங்கவில்லை. மென்பொருள் 3,40,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு வேரியன்டுக்கு 18,000 வீதம் ஏழு வேரியன்ட்: கேரள வரி, இ-வே பில் (சரக்கு வண்டியோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு), கடன் நாள், ஓணக் கழிவு, இப்படி. ஆண்டுப் பராமரிப்பு 48,000 தனி.

2021 ஜூலை 31-உடன் வெள்ள செஸ் முடிந்தது. முடியும் தேதி முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் தெரியும். ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை, குமுளியில் பில் போட்டால் செஸ் அப்படியே விழுந்தது. தொலைபேசியில் அழைத்தோம். அன்று மாலையே எடுத்துவிட்டதாகச் சொல்லி 6,000 ரூபாய்க்கு ரசீது அனுப்பினார்கள். கட்டினோம். எப்படி எடுத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

நான்கு ஆண்டு கழித்து அதற்கு விடை கிடைத்தது.

என் அக்கா மகன் திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை பார்க்கிறான். பூஜை விடுமுறைக்கு வந்தவனிடம் இரண்டு பில்லையும் காட்டினேன். உள்ளே போய்ப் பார்க்க நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும் என்றான். எங்களிடம் அது இல்லை. ஐந்தரை ஆண்டுகள் பணம் கட்டிய மென்பொருளின் சாவி எங்களிடம் இல்லை. ஆனால் விதிகளை அச்செடுக்க மட்டும் ஒரு வழி இருந்தது. வரி விதியின் மூலத்தையும் கேரள வேரியன்டையும் அச்செடுத்தான். முதல் தாள்கள் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, ஜன்னல் கண்ணாடியில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான்.

“இங்கே பாருங்கள் மாமா.”

வரிக்கு வரி எழுத்து எழுத்தின் மேல் உட்கார்ந்தது. பொருள் பட்டியல், கழிவு, பைசாவை முழு ரூபாயாக்கும் கணக்கு, எல்லாம். மூலத்தில் மட்டும் புதிதாக மாற்றிய வரி விகிதங்களை விட்டால், இரண்டே இடத்தில்தான் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. ஒன்று, மேலே ‘கிளை = குமுளி’ என்ற நிபந்தனை. இன்னொன்று அடியில் செஸ் வரி. அதில் 1 இருந்த இடத்தில் 0 இருந்தது. 6,000 ரூபாய்க்கு அவர்கள் செய்த வேலை அதுதான். செஸ்ஸுக்காகப் பிறந்த விதி செஸ் போன பிறகும் உயிரோடு இருந்து, குமுளியின் ஒவ்வொரு பில்லையும் பழைய விகிதத்தில் போட்டுக்கொண்டிருந்தது.

2022 ஜூலையில் பொட்டலமிட்டு விற்கும் அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் வந்தபோதே இது வெளிப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் அரிசி, பருப்பு விற்பதில்லை. அதனால் தெரியாமலே போனது.

அவன் எனக்கு விளக்கியதை, எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன். இதுதான் இந்தத் தொழிலில் அவர்கள் நம்மிடம் மறைக்கிற இடம். பெகா போன்ற பெரிய நிறுவன மென்பொருள்களில் ஒரு விதியைச் சேமிக்கும்போதே அதைச் சூழ்நிலைக்கு ஏற்பத் தனிவகையாக்கும் வசதி இருக்கிறது. ‘சர்க்கம்ஸ்டன்ஸ்’ என்பார்கள். மூல விதியும் தனிவகையும் ஒரே பெயரில் இருக்கும். ஓடும்போது நிபந்தனை பொருந்தினால் தனிவகை வேலை செய்யும், பொருந்தாவிட்டால் மூலம். நிபந்தனை ஒன்றாகவும் இருக்கலாம், பலவாகவும் இருக்கலாம். தேதியையே நிபந்தனையாக வைத்து, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்று வரம்பு போடலாம். அந்த வரம்பு தாண்டியதும் தானாக மூல விதிக்குத் திரும்பிவிடும். எங்கள் மென்பொருளிலும் அதே வசதி இருந்தது. தேதிக்கான கட்டம் அந்த அச்சுத் தாளிலேயே காலியாகக் கிடந்தது.

ஆனால் தனிவகை என்பது அதைச் செய்த நாளில் மூலம் எப்படி இருந்ததோ அதன் முழு நகல். பிறகு மூலத்தில் செய்கிற மாற்றம் நகலுக்குள் இறங்காது. “மூலத்தை மாற்றினால் எல்லாவற்றுக்கும் போய்விடும்” என்று விற்பனையாளர் சொன்னது அப்பட்டமான பொய். விவரம் தெரிந்தவர்கள் அதனால்தான் விதியைத் துண்டு துண்டாக வெட்டி வைப்பார்களாம். வரி விகிதம் தனி அட்டவணை, செஸ் தனிச் சிறு விதி, முழுமையாக்குவது தனி. பிறகு செஸ் துண்டுக்கு மட்டும் கேரளத் தனிவகை, அதற்கும் முடிவுத் தேதி. ஒரு மணி நேர வேலை என்றான். இவர்கள் வீட்டில் ஒரு ஜன்னல் மாற்றச் சொன்னதற்கு வீட்டையே இன்னொன்று கட்டி, அதற்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

நிபந்தனை போட்டதிலும் அதே அலட்சியம். 2022 பிப்ரவரியில் கம்பத்திலிருந்து குமுளிக்குப் போன எங்கள் வண்டியை, எல்லை தாண்டியதும் கேரள வரித் துறையினர் நிறுத்தினார்கள். 60,000 ரூபாய்ச் சரக்கு, வரி 10,800. இ-வே பில் இல்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிற சரக்குக்கு ஒரு லட்சம் வரை இ-வே பில் வேண்டாம். மாநிலம் தாண்டினால் 50,000-க்கு மேல் கட்டாயம். எங்கள் கம்பம் பதிவு எண் 33-இல் தொடங்கும், குமுளியுடையது 32-இல். சொந்தக் கிளைக்கே அனுப்பினாலும் சட்டப்படி அது மாநிலம் தாண்டிய விற்பனைக்கு ஈடானது. இவர்களோ ‘கிளை = கம்பம் என்றால் ஒரு லட்சம்’ என்று விதி எழுதியிருந்தார்கள். சரக்கு எங்கிருந்து எங்கே போகிறது என்பதே அதில் இல்லை. வரியைப் போல இரு மடங்கு, 21,600 ரூபாய் அபராதம் கட்டி வண்டியை எடுத்தோம். ஓட்டுநர் இரண்டு ராத்திரி வண்டியிலேயே படுத்திருந்தார். நிறுவனம் அதைப் ‘பயன்படுத்துபவரின் கவனக்குறைவு’ என்று எழுதி அனுப்பியது. அன்றே சந்தேகப்பட்டு எல்லா விதிகளையும் திறந்து காட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த முறை அழைத்தபோது வந்த பதில்: “கேரளம் தனி வேரியன்ட். பராமரிப்பு ஒப்பந்தம் மூல விதிக்கு மட்டும்தான். ஏழையும் புதுப்பிக்க 22,000 ஆகும், ஜிஎஸ்டி தனி.” அவர்களே செய்த நகல், அதன் நோய்க்கு அவர்களே வைத்தியர், அதற்குக் கட்டணம்.

பணம் கட்ட மறுத்தோம். அக்டோபர் 4 வரை குமுளியில் பழைய விகிதத்தில் போட்ட பில்கள் 186. ஒவ்வொன்றுக்கும் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) போட்டு, பதிவு இல்லாத சிறு கடைகளுக்குப் பணத்தை உறையில் வைத்துக் கையில் கொடுத்தோம். அதற்குள் அவர்களில் பலர் அதே விலையில் பெட்டிக்கடைகளுக்கும் வீடுகளுக்கும் விற்று முடித்திருந்தார்கள். தினக்கூலியில் எண்ணெய் வாங்கிய பெண்ணுக்கு அந்தப் பணம் திரும்பப் போகுமா என்று எனக்கு உறுத்துகிறது.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று நினைத்தோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், தானே உழைத்துப் பிழைக்கும் சுயதொழில்காரருக்கு மட்டும் விலக்கு என்று வக்கீல் சொன்னார். எங்கள் அளவுக்கு அது பொருந்தாது. ஒப்பந்தத்திலோ வழக்கு எதுவானாலும் அவர்கள் ஊர் நீதிமன்றத்தில்தான் என்று ஒரு வரி. நோட்டீஸ் போன பிறகு கிடைத்தது ஒன்றே ஒன்று, நிர்வாகக் கடவுச்சொல்.

வாங்கப் போகிறவர்கள் செயல்விளக்கத்தில் அவர்கள் காட்டுவதைப் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். உங்கள் கண் முன்னால் மூல விதியில் ஒரு சோப்பின் வரியை மாற்றச் சொல்லுங்கள். உடனே கேரளக் கிளையில் ஒரு பில் போடச் சொல்லுங்கள். பழைய வரி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு தனிவகைக்கும் அதன் நிபந்தனை, தொடக்கத் தேதி, முடிவுத் தேதி, மூலத்திலிருந்து அது எந்த வரியில் வேறுபடுகிறது என்பதை ஒரு தாளில் எழுதி, ஒப்பந்தத்தோடு இணைத்துக் கையெழுத்து வாங்குங்கள். வரி விகிதம் மாறினால் எல்லாத் தனிவகைகளையும் புதுப்பிப்பது ஆண்டுக் கட்டணத்துக்குள் அடங்கும் என்றும் அதிலேயே எழுத வேண்டும். கடவுச்சொல் முதல் நாளே உங்கள் கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்று மாலை கடை மூடுவதற்கு முன் இரண்டு கிளையிலும் ஒரே பொருளுக்கு ஒரு பில் போட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எங்கள் ஏழு வேரியன்டுகளில் ஐந்தை அக்கா மகன் நீக்கிவிட்டான். மீதி இரண்டும் இப்போது நான்கு வரி அளவுதான். வண்டிப்பெரியாறு கடைக்காரர் 520 ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு, அன்றைக்கே சரக்கும் எடுத்துப் போனார். ஏலப்பாறையில் இரண்டு கடைகள் இதற்கிடையில் மூடிவிட்டன. அவர்களுக்குச் சேர வேண்டிய 1,140 ரூபாய் பெயர் எழுதிய உறைகளில் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.